பணி ஓய்வுக்குப் பிறகு உடல்நலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐம்பத்தெட்டிலோ அறுபதிலோ பணி ஓய்வு பெற்றவர்களும், அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் பெறப்போகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பிரஷர், சுகர், லேசான முட்டி வலி என்று ஏதோ ஒன்றோடு நடமாடிக்கொண்டிருப்பவர்களை மனதில் வைத்துப் பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன. இதய அறுவை, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு போன்றவை இருந்தால் இங்குள்ள எந்த அளவையும் உங்கள் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

வேலைக்குப் போனவரை நன்றாகத்தான் இருந்தேன். வீட்டில் உட்கார்ந்த ஆறு மாதத்தில் உடம்பு தளர்ந்துவிட்டது. ஏன்?

வேலை நாளில் நீங்கள் கணக்கில் வைக்காத உழைப்பு நிறைய இருந்தது. பஸ் நிறுத்தம் வரை நடை, அலுவலக மாடிப்படி, ஃபைலுக்காக எழுந்து போவது, டீக்கடைக்கு இறங்கி ஏறுவது எல்லாம் சேர்ந்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அது ஒரே நாளில் நின்றுபோகிறது. பயன்படாத தசை இந்த வயதில் வேகமாகக் கரையும், திரும்பக் கட்ட அதைவிடப் பல மடங்கு நாள் பிடிக்கும். முதலில் இளைப்பவை தொடையும் பின்புறமும். அதனால்தான் நாற்காலியிலிருந்து எழும்போது கை ஊன்றத் தோன்றுகிறது.

நேரக் கட்டுப்பாடு போவது இன்னொரு காரணம். எட்டு மணிச் சாப்பாடு பத்தாகிறது, பிரஷர் மாத்திரை பதினொன்றாகிறது, நான்கு மணிக்குக் காபியோடு முறுக்கு வந்து சேர்கிறது. எழும் நேரம், மாத்திரை நேரம், மூன்று வேளைச் சாப்பாட்டு நேரம் ஆகியவற்றை மட்டுமாவது வேலைக்குப் போன நாள்போலவே வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை முன்பின் இருந்தால் பரவாயில்லை.

தினம் 10,000 அடி நடந்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். அந்த எண் ஜப்பானில் 1965இல் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவர்கள் அளந்து சொன்ன எல்லை அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு என்கிறது. அதனுடன் வாரத்தில் இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும், 65 வயதுக்கு மேல் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் வேண்டும். பலரும் நடையோடு நின்றுவிடுகிறார்கள். மற்ற இரண்டும் விட்டுப்போவதுதான் பின்னால் தொல்லை தருகிறது.

மிதமான நடை என்றால், பேச முடியும், பாட முடியாது. பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேச மூச்சு போதவில்லை என்றால் வேகம் அதிகம். பாட்டுப் பாடிக்கொண்டே நடக்க முடிகிறதென்றால் குறைவு.

நெடுநாள் நடக்காதவர் முதல் வாரம் காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம் என்று தொடங்கலாம். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். கூட்டிய வாரத்தில் முட்டியோ குதிகாலோ வலித்தால் பழைய அளவுக்கே ஒரு வாரம் திரும்பிவிடுங்கள். முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் மெதுவாகவே இருக்கட்டும்.

ஒரு நாள் உற்சாகமாக எல்லா வேலையும் செய்கிறேன். அடுத்த இரண்டு நாள் எழ முடிவதில்லை. இதற்கு என்ன செய்வது?

மிக முக்கியமான கேள்வி இதுதான். ஓய்வு பெற்றவர்களுக்குச் சோம்பலால் வரும் கெடுதலுக்குச் சற்றும் குறைந்ததல்ல, நல்ல நாளில் அளவு மீறுவதால் வரும் கெடுதல். தள்ளிப்போட்ட வேலையெல்லாம் கண்முன் நிற்கும்: பரண் சுத்தம், தோட்டம், வீட்டுக்கு வெள்ளையடிப்பு. உடம்பு தெம்பாக இருக்கும் காலையில் அத்தனையும் ஒன்றாக இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். மறுநாள் இடுப்புப் பிடிப்பு. இரண்டு நாள் படுக்கையில் தசை இன்னும் தளரும். மூன்றாம் நாள், விட்டதைப் பிடிக்க மறுபடி அதே வேகம். இந்தச் சுழற்சி சில மாதம் ஓடினால் செய்ய முடிந்த வேலையின் அளவே சுருங்கிவிடும்.

இதை உடைக்க ஒரு வாரம் ஒரு நோட்டில் மூன்றே மூன்று விஷயம் எழுதுங்கள்: என்ன வேலை, எத்தனை நிமிடம், அன்று இரவும் மறுநாள் காலையும் உடம்பு எப்படி இருந்தது. வார முடிவில், மறுநாள் தொல்லை தராத அளவு எது என்று தெரிந்துவிடும். குனிந்து களை எடுப்பது நாற்பது நிமிடம் வரை சரி, அதற்கு மேல் போன நாளெல்லாம் இடுப்பு வலி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் அளவு முப்பது நிமிடம். நாற்பது அல்ல. எல்லையிலிருந்து கால்வாசியைக் கழித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

அந்த முப்பதையும் ஒரே மூச்சில் செய்யாமல் பதினைந்து, பதினைந்தாகப் பிரித்து, நடுவே உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்றை வையுங்கள். கீரை ஆய்வது, மின்கட்டணம் கட்டுவது போல. வலி வந்த பிறகு நிறுத்துவது தாமதம். கடிகாரம் சொல்லும்போது நிறுத்த வேண்டும், தெம்பு மிச்சமிருந்தாலும். இதற்குத்தான் மனசு ஒப்பாது. ஆனால் இந்த ஒரு பழக்கம் பிடிபட்டால் மற்றதெல்லாம் எளிது.

ஒரு நாளில் ஒரு கனமான வேலை போதும். வங்கி வரிசை, துணி மூட்டை, கல்யாண வீடு மூன்றும் ஒரே தேதியில் வந்தால் ஒன்றையாவது தள்ளிவையுங்கள். உடம்பு ஒத்துழைக்காத நாளிலும் முழு ஓய்வு வேண்டாம். வழக்கமான நடையில் பாதியாவது நடங்கள்.

முட்டி வலி இருந்தால் நடக்கலாமா?

தேய்மானத்தால் வரும் வலி என்றால் நடக்கலாம், நடக்கவும் வேண்டும். மூட்டைத் தாங்குவது தொடைத் தசை. அது இளைத்தால் பாரம் முழுவதும் மூட்டில் இறங்கும். எவ்வளவு நடப்பது என்பதற்கு எளிய விதி உண்டு: நடந்து முடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் வலி வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால் அளவு கூடிவிட்டது. அடுத்த முறை குறையுங்கள். மூட்டு வீங்கி, தொட்டால் சூடாக இருந்தாலோ, பூட்டிக்கொண்டாலோ நடையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நடப்பது ஆபத்து. டைக்ளோஃபினாக் போன்றவை பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஏற்கெனவே பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் (சிறுநீரை அதிகம் போக வைப்பது) எடுப்பவர்களுக்கு இரட்டிப்பு ஆபத்து.

நடைதான் நடக்கிறேனே, தசைப் பயிற்சி எதற்கு? ஜிம்முக்குப் போக வேண்டுமா?

நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. தரையிலிருந்து எழ, படி ஏற, தடுக்கினால் சமாளிக்கத் தேவையான பலத்தை அது தராது. ஜிம் கட்டாயமில்லை. ஒரு மர நாற்காலி போதும். பிளாஸ்டிக் நாற்காலி சறுக்கும், வேண்டாம்.

நாற்காலியின் முதுகு சுவரில் முட்டும்படி போடுங்கள். இருக்கையின் முன்பாதியில் உட்காருங்கள். பாதங்கள் இடுப்பகலத்தில், குதிகால் முட்டிக்குச் சற்றுப் பின்னால். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து, மூச்சை வெளியே விட்டபடி எழுங்கள். எழ முடியாமல் திணறுபவர்களில் பெரும்பாலோர் முன்னால் சாயாமல் நேராக எழப் பார்க்கிறார்கள். உட்காரும்போது மூன்று எண்ணும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். தொப்பென்று விழுந்து உட்கார்ந்தால் பாதிப் பலன் போய்விடும். எட்டு முறை செய்து, ஒரு நிமிடம் ஓய்வெடுத்து, மறுபடி எட்டு. ஒரு நாள் விட்டு ஒரு நாள். மூச்சை அடக்கினால் பிரஷர் எகிறும், வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்தால் அடக்க முடியாது.

இதையே சோதனையாகவும் வைத்துக்கொள்ளலாம். 17 அங்குல உயர நாற்காலியில் கை ஊன்றாமல் 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுகிறீர்கள்? 60 முதல் 64 வயதில் ஆண்களுக்கு 14, பெண்களுக்கு 12க்குக் கீழே இருந்தால் சராசரிக்குக் குறைவு. 65 முதல் 69 வரை 12, 11. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எண்ணிக் குறித்துவையுங்கள்.

இதனுடன் சுவரில் கை ஊன்றித் தண்டால், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால் உயர்த்துவது, ஒவ்வொன்றும் பத்து முறை. கைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதுமான எடை.

கீழே விழுந்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

பயந்து நடமாட்டத்தைக் குறைத்தால் விழும் வாய்ப்பு கூடத்தான் செய்யும். சமையல் மேடை ஓரம் நின்று, ஒரு விரல் மட்டும் தொட்டபடி, ஒற்றைக் காலில் பத்து விநாடி நில்லுங்கள். இரண்டு காலிலும் மூன்று முறை. பிறகு ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டி வைத்து, கோடு பிடித்தாற்போலப் பத்து அடி. ஈரக் காலோடோ, சாக்ஸ் போட்டுக்கொண்டோ இதைச் செய்யக் கூடாது.

வீட்டில் விழும் இடம் பெரும்பாலும் குளியலறை வழிதான். வழவழப்பான டைல்ஸ், வாசலில் சுருண்டு கிடக்கும் மிதியடி, இரவில் விளக்குப் போடாமல் போவது. சுவரில் திருகிப் பொருத்திய கைப்பிடி ஒன்று வேண்டும். துண்டு மாட்டும் கம்பி உங்கள் எடையைத் தாங்காது. உள்தாழ்ப்பாள் போடாமல் இருந்தால் விழுந்தாலும் வெளியிலிருந்து வர முடியும். இரவு எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, பிறகு எழுங்கள். எழுந்ததும் தலைசுற்றினால் படுத்து ஒருமுறை, நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பிரஷர் பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மாத்திரை அளவை மருத்துவர் திருத்த வேண்டியிருக்கும்.

வீட்டில் பிரஷர் பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் வருகிறது. மெஷின் சரியில்லையா?

பெரும்பாலும் பார்க்கும் முறைதான் காரணம். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை மேசைமேல், பட்டை நெஞ்சு உயரத்தில், சட்டைமேல் அல்லாமல் தோல்மேல். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்துச் சராசரியை எழுதுங்கள். மணிக்கட்டில் கட்டும் மெஷினைவிட மேற்கையில் கட்டுவது நம்பகமானது. பட்டை சிறியதாக இருந்தால் எண் கூடுதலாகக் காட்டும்.

ஒரு வாரம் காலையும் மாலையும் பார்த்ததன் சராசரி 135/85க்கு மேல் இருந்தால் அந்த நோட்டோடு மருத்துவரிடம் போங்கள். ஒரு நாள் ஒரு எண்ணைப் பார்த்துப் பதறி மாத்திரையைக் கூட்டுவதும், 120 வந்துவிட்டது என்று நிறுத்துவதும் கூடாது. 120 வந்தது அந்த மாத்திரையால்தான்.

சர்க்கரை இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் நடக்கலாமா?

மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குப் பெரும்பாலும் சிக்கல் வராது. இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவருக்குச் சர்க்கரை இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, காரணமில்லாத எரிச்சல் ஆகியவை அறிகுறிகள். 70க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு இரண்டு இட்லியோ பிஸ்கட்டோ சாப்பிட வேண்டும், இல்லையென்றால் மீண்டும் இறங்கும். நடைக்குப் போகும்போது சட்டைப் பையில் குளுக்கோஸோ மிட்டாயோ இருக்கட்டும்.

கால் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது, கோயில் பிராகாரத்தின் மத்தியான வெயிலில் நிச்சயமாகக் கூடாது. கொப்புளம் வந்தது கூடத் தெரியாது. எம்.சி.ஆர். எனும் மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் கொண்ட செருப்பு, பின்வார் வைத்தது, நல்ல தேர்வு. தினமும் இரவு பாதத்தின் அடியையும் விரலிடுக்கையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் முகக்கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம்.

வயதானால் குறைவாகச் சாப்பிட வேண்டும் என்கிறார்களே?

சோற்றைக் குறைக்கலாம், புரதத்தைக் குறைக்கக் கூடாது. இந்த வயதில் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் என்பது முதியோர் உணவு வல்லுநர்கள் பரிந்துரைக்கும் அளவு. 60 கிலோ உள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். மூன்று இட்லியும் தேங்காய்ச் சட்டினியும் ஏழு கிராமைத் தாண்டுவதே கஷ்டம். ஒரு முட்டை 6, ஒரு தம்ளர் பால் 6, முப்பது கிராம் பருப்பு 7, அதே அளவு கொண்டைக்கடலைச் சுண்டல் 6, நூறு கிராம் மீன் ஏறத்தாழ 20. மூன்று வேளைக்கும் பங்கிட்டால்தான் தசைக்குச் சேரும். காலை இட்லியோடு ஒரு முட்டையோ கெட்டிச் சாம்பாரோ, மாலை முறுக்குக்குப் பதில் சுண்டல் என்று மாற்றினாலே பெரிய வித்தியாசம் தெரியும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் கூட்டக் கூடாது.

உப்பு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள், அதாவது தட்டிய ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் இவற்றின் உப்பும் இதில் சேரும்.

இரவில் தூக்கம் வருவதில்லை.

பகல் தூக்கத்தை முதலில் பாருங்கள். மூன்று மணிக்கு முன், இருபது முதல் முப்பது நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். பிற்பகல் இரண்டுக்குப் பிறகு காபி வேண்டாம். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீரை முடித்துக்கொண்டால் சிறுநீருக்கு எழுவது குறையும். நீர் மாத்திரையைக் காலை வேளைக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறுவது, பகலில் ஓயாத தூக்கம் சேர்ந்திருந்தால் அது வேறு நோய். பரிசோதனை தேவை.

ஓய்வு பெற்றதும் திருப்பதிக்கு நடந்து ஏறுவதாக வேண்டுதல். முடியுமா?

அலிபிரி வழி 3,550 படிகள். ஸ்ரீவாரி மெட்டு வழி 2,388, ஆனால் செங்குத்து. நன்றாக நடப்பவருக்கும் இரண்டு மூன்று மாதத் தயாரிப்பு வேண்டும். சர்க்கரை, பிரஷர், புகைப்பழக்கம், குடும்பத்தில் இதய நோய் இருந்தால் தயாரிப்புக்கு முன்பே மருத்துவர் ஒருமுறை பார்த்துச் சொல்லட்டும். மாடிப்படியில் தொடங்குங்கள்: நூறு படி, வாரம் மூன்று நாள், வாரத்துக்கு ஐம்பது கூட்டி. இறங்குவதையும் பழகுங்கள். மறுநாள் தொடையைப் பிடிப்பதும் முட்டியைப் பதம் பார்ப்பதும் இறக்கம்தான். ஏறும் நாளில் கூட்டத்தின் வேகம் உங்கள் வேகம் அல்ல. ஐம்பது படிக்கு ஒரு நிமிடம் நின்றுவிடுங்கள், மூச்சு வாங்கினாலும் வாங்காவிட்டாலும். விரதம் இருந்து வெறும் வயிற்றோடு ஏற வேண்டாம், மாத்திரையை விட வேண்டாம். இறங்கப் பஸ் இருக்கிறது.

பழநிக்கு யானைப் பாதை சாய்வு குறைந்தது, விஞ்சும் உண்டு. வேண்டுதலுக்காக நெஞ்சு வலியோடு படி ஏறச் சொல்லும் தெய்வம் எதுவும் இல்லை.

பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வதிலேயே நாள் போய்விடுகிறது. நடைக்கு நேரமில்லை.

குழந்தையைத் தூக்கி வளர்ப்பது உழைப்புதான், அதிலும் பாட்டிமார் செய்வது முழுநேர வேலை. ஆனால் ஒரே பக்க இடுப்பில் வைத்துக்கொள்வது, குனிந்து தூக்குவது என்று உடம்பின் ஒரு பகுதிக்கே சுமை. முட்டியை மடக்கி, குழந்தையை மார்போடு அணைத்த பிறகு எழுங்கள். மகனிடமோ மருமகளிடமோ கிழமையும் நேரமும் சொல்லிப் பேசிவிடுவது நல்லது: காலை ஆறு முதல் ஏழு வரை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடை நேரம், வாரத்தில் ஒரு நாள் முழு விடுப்பு. பொதுவாகச் சலித்துக்கொண்டால் யாருக்கும் புரியாது.

வருடத்தில் என்னென்ன பரிசோதனை, தடுப்பூசி?

ஓராண்டுக்கு ஒருமுறை சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம். சர்க்கரை உள்ளவர்கள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), ஆண்டுதோறும் விழித்திரை, பாதம். நெடுநாள் மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் வைட்டமின் பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், கால் எரிச்சலுக்கு அதுவும் காரணமாகலாம். தடுப்பூசியில் ஃபுளூவுக்கு ஆண்டுக்கு ஒன்று. நியூமோகாக்கல் (நிமோனியாவுக்கு), அக்கி ஆகிய இரண்டையும் மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம். காது மந்தமானால் கருவி வைத்துக்கொள்ளத் தயங்காதீர்கள். காது கேட்காதவர் மெல்ல மெல்லப் பேச்சையே விட்டுவிடுகிறார், மறதி நோய்க்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது.

தமிழக அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வரும். 70 வயது நிறைந்தவர்களுக்கு, வருமானம் எதுவானாலும், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை 2024 முதல் உண்டு.

நடக்கும்போது எந்த அறிகுறி வந்தால் உடனே நிறுத்த வேண்டும்?

நெஞ்சில் அழுத்தம், இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, வழக்கமான தூரத்தில் வழக்கமில்லாத மூச்சுத் திணறல், மயக்கம். உட்காருங்கள், 108ஐ அழையுங்கள். வாயுப் பிடிப்பு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துக் காத்திருப்பதில்தான் பொன்னான நேரம் போகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் களைப்பும் வியர்வையுமாக மாரடைப்பு வரலாம்.

வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சுக் குழறுவது பக்கவாதத்தின் அறிகுறி. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. எனவே கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு, சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்க வேண்டாம். எடுத்துக்கொள்ளும் மருந்துகளின் பட்டியலும் ஒருவரின் போன் எண்ணும் எழுதிய சீட்டு, நடைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் சட்டைப் பையிலோ கைப்பையிலோ இருக்க வேண்டும்.